நூத்தியெண்பது விதமான டிக்கெட்

ஜூன் 3

மச்சினிக்கு அத்தான் எழுதறது.

இனிமே என்கிட்ட வாயால பேச மாட்டியாம், எதுவா இருந்தாலும் எழுத்துலதானாம். உங்கக்கா வந்து சொன்னா. நல்லதாப் போச்சு. என் இடது காது எப்பவோ ரிட்டையர் ஆயிடுச்சு. வலது காது உங்கக்காவுக்குன்னு ஒதுக்கினது. உனக்கு மிச்சம் இருக்கறது என் கண்ணுதான். அதனால அரங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உக்காந்து ஒத்தை விரலால தட்டறேன். நான் படிச்ச ஏழாங்கிளாஸுக்கு இது போதும். பிழை இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்கோ, அதுக்குத்தானே உன்னை அவ்வளவு படிக்க வெச்சாங்க.

கோவம் எதுக்குன்னும் தெரியும். உங்கக்காவோட அறுபதாவது பிறந்தநாளுக்கு எல்லாரும் கேக் தின்னுட்டு இருக்கும்போது நான் சொன்னதுக்கு. "நான் வாசல்ல நின்னு டிக்கெட் கிழிக்கறேன், என் மச்சினி அம்பத்திரண்டு வயசுல நல்ல வேலையை விட்டுட்டு டிக்கெட் ஒட்டறா"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீ தட்டை வெச்சுட்டு பஸ் ஏறிட்டே.

சரி, விஷயத்துக்கு வர்றேன். வர்ற 22ஆம் தேதி சாயங்காலம் எங்க அரங்கத்துல மேஜிக் ஷோ. நூத்தியெண்பது நாற்காலி. இந்தத் தடவை டிக்கெட்டைக் கம்ப்யூட்டர்ல விக்கணும்னு கமிட்டி முடிவு. கமிட்டித் தலைவர் இருக்காரே, அவரை நாங்க மீசைன்னுதான் சொல்வோம், ஆள் வர்றதுக்கு முன்னாடி அதுதான் வரும். அவர் யாரோ பெரிய கம்பெனியைப் பிடிக்கலாம்னாரு. நான் அரங்க மேனேஜர்ங்கற தோரணையில குறுக்க விழுந்து, "என் மச்சினி ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கா, மொதல்ல அதைப் பாப்போம்"னேன். பாசம்னு நெனச்சுக்காதே. பெரிய கம்பெனிக்காரனைக் கிண்டல் பண்ண முடியாது. உன்னைப் பண்ணலாம்.

டிக்கெட்டை எப்படி உண்டாக்கணும்னு எழுது. சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லாதே. பெரிய பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லு.

அத்தான்


ஜூன் 5

அத்தானுக்கு,

கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுகிறேன். ஒதுக்கித்தான் வைத்திருக்கிறேன், தூக்கிப் போடவில்லை.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரியாது என்று சொல்லக் கூடாது. மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய கம்பெனியில் இப்போது இரண்டு பேர். ஒன்றரை வருடம் உட்கார்ந்து இந்த இணையதளத்தை எழுதியிருக்கிறோம். உங்கள் அரங்கம்தான் முதல் வாடிக்கையாளர். இன்னும் இரண்டு பெரிய அரங்கங்களின் மேனேஜர்கள் 22ஆம் தேதி அங்கே வந்து பார்க்கப் போகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் நாங்கள் நிற்போம். பிடிக்காவிட்டால் மூடிவிட்டு, நான் விட்டுவந்த வேலைக்கே திரும்பிப் போவேன். அங்கே என்னை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். 21ஆம் தேதி மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதாவது உங்கள் மேஜிக் ஷோவுக்கு முந்தின நாள்.

இப்போது வேலை. "புதிய டிக்கெட்" என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு படிவம் வரும். டிக்கெட்டின் பெயர், விலை, எத்தனை, விற்பனை என்று தொடங்கி என்று முடிகிறது, ஒருவர் அதிகபட்சம் எத்தனை வாங்கலாம். அவ்வளவுதான். முன் வரிசைகள் 45, நடு வரிசைகள் 75, பின் வரிசைகள் 60. மூன்றே டிக்கெட் வகை. ஐந்து நிமிட வேலை.

ஒரே எச்சரிக்கை. "வெளியிடு" என்ற பொத்தானை நான் பார்க்கும்வரை தொடாதீர்கள். தொட்டால் விற்பனை தொடங்கிவிடும். விற்ற டிக்கெட்டை யாராலும் அழிக்கவோ திருத்தவோ முடியாது. வாங்கியவரை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்று நானே போட்ட பூட்டு அது. என்னாலும் திறக்க முடியாது.

மற்றபடி கவலை வேண்டாம். நீங்கள் பயன்படுத்தினாலும் உடையாதபடிதான் எழுதியிருக்கிறேன்.

மச்சினி


ஜூன் 9

மச்சினிக்கு,

முப்பத்திநாலு டிக்கெட் முடிஞ்சுது. விரல் வீங்கிப் போச்சு.

உன் படிவம் நல்லாத்தான் இருக்கு, ஆனா மக்கு. விற்பனை முடியற தேதியை ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் மறுபடி மறுபடி கேக்குது. முப்பத்திநாலு தடவை ஒரே தேதியைத் தட்டியிருக்கேன். ஒரு தடவை சொன்னா ஏறாதா அதுக்கு? உங்க குடும்பமே அப்படித்தானா?

நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே சில டிக்கெட்டு பேரை எழுதிடறேன்.

"நாலாம் வரிசை ஏழு. தலைக்கு மேல ஃபேன். சளி பிடிச்சவங்க வேணாம்."

"ஆறாம் வரிசை ஓரம். தூண் மறைக்கும். மேஜிக்காரரோட வலது கை தெரியாது, அதனால ஆச்சரியம் அதிகம்."

"ஒம்பதாம் வரிசை மூணு. நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஆடும். குழந்தைங்களுக்குப் பிடிக்கும்."

"கடைசி வரிசை ஒண்ணு. கதவோரம். பாதியில எழுந்து போனாலும் யாருக்கும் தெரியாது."

எத்தனைங்கற கட்டத்துல எல்லாத்துக்கும் ஒண்ணுன்னு போட்டிருக்கேன். நீ நாப்பத்தஞ்சுன்னு போடச் சொன்னே. நாப்பத்தஞ்சு நாற்காலியும் ஒண்ணு போலன்னு உனக்கு யார் சொன்னா? ஒண்ணுலயாவது உக்காந்து பாத்திருக்கியா? நான் எல்லாத்துலயும் உக்காந்திருக்கேன். சிலதுல தூங்கியும் இருக்கேன்.

அத்தான்


ஜூன் 10

அத்தானுக்கு,

மூன்று என்றேன். முப்பத்துநான்கு வந்திருக்கிறது. இதே வேகத்தில் போனால் நூற்று எண்பது வகை டிக்கெட் வரும். பெரிய விளையாட்டரங்கத்துக்குக்கூட பத்து வகைக்கு மேல் போடமாட்டார்கள். அத்தனையையும் அழித்துவிட்டு நான் சொன்ன மூன்றைப் போடுங்கள். இது கெஞ்சல் இல்லை.

தேதியைத் திரும்பத் திரும்பக் கேட்பது மட்டும் என் குறைதான். ஒத்துக்கொள்கிறேன். "நகல் எடு" என்று ஒரு பொத்தான் சேர்த்துவிட்டேன். ஒரு டிக்கெட்டை நகல் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். இதை உங்களுக்கு உதவுவதற்காகச் செய்யவில்லை. நாளைக்கு ஒழுங்கான மனிதர்கள் யாராவது பயன்படுத்துவார்கள் என்பதற்காகச் செய்தேன்.

மச்சினி


ஜூன் 13

மச்சினிக்கு,

அந்த நகல் பொத்தானுக்குக் கோடி நன்றி. அது வந்ததுக்கு அப்புறம் வேலை பறந்துச்சு. நேத்து மத்தியானம் நூத்தியெண்பதும் முடிச்சுட்டேன்.

அப்புறம், கோவிச்சுக்கக் கூடாது. அந்த "வெளியிடு" பொத்தானை அமுக்கினா என்ன ஆகும்னு பாத்தேன். நீ சொன்னதேதான் ஆச்சு. இன்னிக்குக் காலையில எண்ணிப் பாத்தா அறுபத்தொண்ணு வித்துப் போச்சு! எது மொதல்ல போச்சு சொல்லு? ஃபேனுக்கு அடியில இல்ல, முன் வரிசை இல்ல. கதவோரம்தான். ஆடற நாற்காலியை ஒருத்தர் வாங்கிட்டு, இதே மாதிரி இன்னொண்ணு பக்கத்துல இருக்கான்னு கேட்டு எழுதியிருக்காரு.

அறுபத்தொண்ணையும் இனி நீயே நெனச்சாலும் அழிக்க முடியாது. பூட்டு நல்ல பூட்டு. உன் வேலை சுத்தம்னு இப்பத்தான் நம்பிக்கை வந்துச்சு.

அத்தான்


ஜூன் 14

அத்தானுக்கு,

இரண்டு நாளாக எனக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன், சிரிக்காமல் படியுங்கள்.

நூற்று எண்பது டிக்கெட்டையும் ஒரே பக்கத்தில் திறக்க முடியாமல் பலருடைய போன் திணறியது. வரிசை வரிசையாகத் திறக்கும்படி அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப எழுதினேன். அது முடிந்து நிமிர்ந்தால் உங்கள் தலைவரிடமிருந்து போன். அரை மணி நேரம் கத்தினார். முதல் வரிசை எட்டு அவருடைய நாற்காலி, சரி. பக்கத்து நாற்காலிக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் இது: "முதல் வரிசை ஒம்பது. பக்கத்துல தலைவர் தூங்குவாரு. குறட்டைக்கு நிர்வாகம் பொறுப்பில்லை."

அதைத் தூக்கச் சொன்னார். பார்த்தால், அது போட்ட பத்து நிமிடத்தில் விற்றிருக்கிறது. பூட்டு. என்னால் முடியாது என்றேன். ஷோ முடிந்ததும் கமிட்டி கூடும், அடுத்த நாளே பெரிய கம்பெனிக்காரனைக் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த இரண்டு மேனேஜர்களும் இதைத்தானே கேட்கப் போகிறார்கள்? முதல் வாடிக்கையாளரே எங்களைத் துரத்தினார் என்று.

உங்களுக்கு இது விளையாட்டு. எனக்கு இது ஒன்றரை வருடம்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன், அது எங்கள் தளத்தின் கணக்கில் பதிவாகியிருப்பதால். மற்ற தளங்களில் மக்கள் டிக்கெட் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றால் பெரிது. இங்கே ஒருவர் பதினேழு நிமிடம் நின்றிருக்கிறார். வாங்கவில்லை. படித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

மச்சினி


ஜூன் 17

மச்சினிக்கு,

உன் கடுதாசியைப் படிச்சு சிரிக்கலை. பாதியில ஒரு தடவைதான்.

இப்ப நான் எழுதப்போறதை நீ படிச்சு சிரிச்சுக்கோ, உனக்கு உரிமை இருக்கு. ஷோவுக்கு அரங்கம் பளிச்சுன்னு இருக்கட்டும்னு நான்தான் பெயின்ட் அடிக்க ஆள் சொன்னேன். நேத்து நான் பல் டாக்டர்கிட்ட போயிருந்த நேரத்துல அவங்க வந்து, நூத்தியெண்பது நாற்காலியையும் தூக்கிட்டுப் போய்ப் பின்னாடி ஷெட்டுல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டாங்க. மலை மாதிரி நிக்குது.

புரியுதா? தூண் போட்ட இடத்துல இருக்கு. ஃபேன் போட்ட இடத்துல இருக்கு. ஆனா குட்டைக்கால் எது, புதுக் குஷன் எது, கைப்பிடி இல்லாதது எது, கிரீச்சுன்னு சத்தம் போடறது எது? எல்லாம் கலந்து போச்சு. டிக்கெட்டுல ஒம்பது பாக்கி, மத்ததெல்லாம் வித்தாச்சு. ஜனங்க படிச்சுப் பாத்து வாங்கியிருக்காங்க. கைப்பிடி இல்லைன்னு போட்ட இடத்துல கைப்பிடி இருந்தா, வாசல்ல டிக்கெட் கிழிக்கற என் சட்டையைத்தான் பிடிப்பாங்க.

தப்பு என்னுது. நாற்காலின்னா நகரும்ங்கறது, இத்தனை வருஷம் நாற்காலியோட குடித்தனம் நடத்தினவனுக்குத் தோணலை. இந்த வரியைத் தட்டறதுக்குள்ள ரெண்டு தடவை எழுந்து போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்தேன்.

என்ன செய்யலாம் சொல்லு.

அத்தான்


ஜூன் 18

அத்தானுக்கு,

சிரித்தேன். நன்றாகச் சிரித்தேன். பிறகு என் படிவத்தைத் திறந்து பார்த்ததும் நின்றுவிட்டது.

நாற்காலி நகரும் என்பது எனக்கும் தோன்றவில்லை. அந்தப் படிவத்தில் பெயருக்கு ஒரே ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். இடத்தைப் பற்றியதும் நாற்காலியைப் பற்றியதும் அதே கட்டத்தில்தான் போய் விழுகின்றன. ஒன்றரை வருடம் அரங்கங்களுக்காக எழுதியிருக்கிறேன். ஒரு அரங்கத்துக்குள்ளும் போய் நாற்காலியைப் பார்த்ததில்லை. நீங்கள் ஒன்பதாம் தேதி கேட்டது சரியான கேள்விதான். அன்று எரிச்சலாக இருந்தது.

நேற்று முழுவதும் உங்கள் நூற்று எண்பது டிக்கெட்டையும் படித்தேன். அறுபத்தெட்டு இடத்தை மட்டும் சொல்கின்றன, அவற்றில் எந்த நாற்காலியும் இருக்கலாம். மீதி நூற்றுப் பன்னிரண்டுக்கும் அந்த நாற்காலியேதான் வேண்டும். இரண்டையும் பிரித்து வரிசைப்படி ஒரு பட்டியல் இணைத்திருக்கிறேன். அச்செடுத்துக்கொள்ளுங்கள். அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் பட்டியலைப் படிக்கட்டும், நீங்கள் நாற்காலியைத் தேடுங்கள். வலது காதை அவள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நிகழ்ச்சிக்குப் படிவத்தில் இடத்துக்கு ஒரு கட்டம், நாற்காலிக்கு ஒரு கட்டம் இருக்கும். அடுத்த நிகழ்ச்சி என்று ஒன்று இருந்தால்.

மச்சினி


ஜூன் 20

மச்சினிக்கு,

ரெண்டு நாளா நானும் உங்கக்காவும் ஷெட்டுலதான் குடியிருக்கோம். அவ நடுவுல ஒரு நாற்காலியைப் போட்டு ராணி மாதிரி உக்காந்துகிட்டு, "அஞ்சாம் வரிசை பதினொண்ணு, முதுகுல கீறல்"ங்கறா. நான் மலையில ஏறி இறங்கித் தேடறேன். "உனக்குத் தெரியும்னு சொன்னியே, தெரியலையா?"ங்கறா. தேடித் தேடி ஒண்ணு கிடைக்கலைன்னா, அது அவ உக்காந்திருக்கறதா இருக்கு. அவளை எழுப்பறதுக்கு நூத்திப் பதினோரு நாற்காலியைத் தூக்கறது சுலபம்.

நீ நம்ப மாட்டே, உக்காந்தாத் தெரிஞ்சுடுது. கண்ணை மூடிட்டு உக்காந்தே அம்பதைக் கண்டுபிடிச்சேன். உடம்புக்குத் தெரியுது எது எதுன்னு.

ஒண்ணு மட்டும் காணவே காணோம். ரெண்டாம் வரிசை நாலு. "கறை கிடையாது, வெள்ளைச் சட்டை போட்டு வரலாம்"னு எழுதினது. கடைசியில பாத்தா, பெயின்ட்காரர் அது மேல ஏறி நின்னுதான் கூரைக்கு அடிச்சுட்டு இருக்காரு! பச்சை பச்சையாப் புள்ளி. உங்கக்கா மண்ணெண்ணெயும் துணியும் எடுத்து ரெண்டு மணி நேரம் தேச்சா. இப்ப அதுல கறையும் இல்ல, பாலிஷும் இல்ல.

நாளைக்கு நீ அந்தப் பழைய கம்பெனிக்குப் பதில் சொல்லணும். போன்னும் சொல்ல மாட்டேன், போகாதேன்னும் சொல்ல மாட்டேன். பிறந்தநாள்ல நான் சொன்னது நாலு பேர் சிரிக்கறதுக்கு. அதை மனசுல வெச்சுக்கிட்டு, அத்தானுக்குக் காட்டறேன்னு இங்கயும் நிக்காதே, அத்தான் சொன்னது சரியாப் போச்சேன்னு அங்கயும் ஓடாதே. ரெண்டுமே எனக்கு அவமானம்.

அத்தான்


ஜூன் 21

அத்தானுக்கு,

பதில் சொல்லிவிட்டேன். வரவில்லை என்று.

உங்களுக்குக் காட்டுவதற்காக இல்லை. மத்தியானம் ஒரு பெண்ணிடமிருந்து எங்கள் தளத்துக்கு ஒரு கேள்வி வந்தது. அவளுடைய அப்பாவுக்கு இடது முழங்கால் மடங்காதாம். இரண்டு வருடமாக எந்த நிகழ்ச்சிக்கும் போகவில்லையாம். "ஏழாம் வரிசை முதல் நாற்காலி. கைப்பிடி இல்லை. நடைபாதைப் பக்கம் இடது காலை நீட்டிக்கலாம், யாரும் மிதிக்க மாட்டாங்க" என்பதைப் படித்துவிட்டு டிக்கெட் வாங்கியிருக்கிறாள். அவள் கேட்டது ஒன்றுதான். அந்த நாற்காலி நிச்சயம் அங்கேயே இருக்குமா?

இருக்கும் என்று பதில் எழுதினேன். எழுதிய பிறகுதான் யோசித்தேன், நான் யாரை நம்பி இதை எழுதினேன் என்று. ஆனால் கை தயங்கவில்லை. "நடு வரிசைகள் 75" என்று நான் போட்டிருந்தால் அந்தப் பெண் வாங்கியே இருக்க மாட்டாள். ஒன்றரை வருடமாக நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு இன்றைக்குத்தான் விளங்கியது. அதை விட்டுவிட்டு அந்த வேலைக்குப் போக முடியாது. நாளைக்கு என்ன ஆனாலும் சரி, உங்கள் தலைவர் துரத்தினாலும் சரி, வேறொரு அரங்கத்தைத் தேடுவேன்.

நாளை நான் இங்கே திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்கள் ஏழாம் வரிசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மச்சினி


ஜூன் 24

மச்சினிக்கு,

நூத்தியெண்பதும் வித்து, நூத்தியெழுபத்தாறு பேர் வந்தாங்க. எல்லாரும் கையில போனை வெச்சுக்கிட்டு, அவங்கவங்க நாற்காலியோட பேரைப் படிச்சுப் படிச்சு உக்காந்தாங்க. எனக்கு என்னமோ பரிட்சைப் பேப்பர் திருத்தற இடத்துல நிக்கற மாதிரி இருந்துச்சு. ஆடற நாற்காலிக்காரர் ரெண்டு தடவை ஆட்டிப் பாத்துட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாரு. தப்பு ஒண்ணே ஒண்ணு. "சத்தம் போடாது"ன்னு எழுதின ஒரு நாற்காலி, மேஜிக்காரர் புறாவை எடுக்கற நேரம் பாத்துக் கிரீச்சுன்னுச்சு. அதுல உக்காந்திருந்த அம்மா என்னைத் திரும்பிப் பாத்த பார்வையை உங்கக்காகிட்டகூட நான் பாத்ததில்ல.

ஏழாம் வரிசை ஒண்ணுல அந்தப் பெரியவர் உக்காந்தாரு. காலை நீட்டினாரு. நான் அந்தப் பக்கமா நாலு தடவை நடந்து பாத்தேன், மிதிபடலை. அஞ்சாவது தடவை போனப்ப, "ஏன்யா குறுக்கயும் நெடுக்கயும் நடக்கறே, மேடை தெரியலை"ன்னு திட்டினாரு.

உன் ரெண்டு மேனேஜரும் வந்தாங்க. ஒரு உயரமான அம்மா, ஒரு நோட்டுப் புத்தகக்காரர். இடைவேளையில ஜனங்க வெளிய போனதும், ரெண்டு பேரும் போனைப் பாத்து ஒவ்வொரு நாற்காலியா உக்காந்து எழுந்து உக்காந்து எழுந்து பாத்தாங்க. அந்தம்மா தூணுக்குப் பின்னாடி உக்காந்து, "நிஜமாவே வலது கை தெரியலை"ன்னு சிரிச்சாங்க. மத்ததை உன்கிட்டயே பேசறேன்னுட்டாங்க.

நேத்துக் கமிட்டி கூடுச்சு. மீசை எழுந்து, "இந்த வெப்சைட்டுல எனக்கு அவமானம் நடந்திருக்கு, மாத்தணும்"னாரு. நான் எழுந்து, "எழுதினது நான், திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க, அந்தப் பொண்ணோட வேலையில ஒரு குறை சொல்லுங்க பாப்போம்"னேன். அப்புறம் பொருளாளர் மெதுவாக் கேட்டாரு, "அந்த ஒம்பதாம் நம்பரை யார் வாங்கினாங்க?"ன்னு. மீசையோட சம்சாரம்! வீட்டுல தினமும் இலவசமாக் கேக்கறதைக் காசு குடுத்து வாங்கியிருக்காங்க. அந்தம்மா அன்னிக்கு அவரை ஷோ முடியற வரைக்கும் கிள்ளிக்கிட்டே இருந்திருக்காங்க, மனுஷன் முழு நிகழ்ச்சியையும் கண்ணால பாத்தது எங்க அரங்கத்துலயே அதுதான் மொதல் தடவை. ஓட்டு எடுத்தோம். ஏழுக்கு ஒண்ணு. நீதான்.

அத்தான்


ஜூன் 26

அத்தானுக்கு,

இரண்டு அரங்கங்களும் எடுத்துக்கொண்டன. நேற்று கையெழுத்தானது. விட்டுப் போன மூன்றாவது ஆளும் போன் செய்தாள், திரும்பி வரட்டுமா என்று.

ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் அதே நிபந்தனை. வெறும் வரிசை எண் வேண்டாமாம், ஒவ்வொரு நாற்காலிக்கும் உங்கள் அரங்கத்தில் இருந்தது போலவே எழுதித் தர வேண்டுமாம். அதை எங்கள் கம்பெனியில் யாராலும் செய்ய முடியாது. எனக்கு உண்மையும் தெரியாது, கிண்டலும் வராது.

ஆகவே இது வேலைக்கான அழைப்பு. அந்த உயரமான அம்மாவின் அரங்கத்தில் அறுநூற்று நாற்பது நாற்காலிகள். வரும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும். சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு. கிண்டலுக்கு அளவும் உண்டு: ஒரு வரிசைக்கு ஒன்று. மேனேஜர்கள், தலைவர்கள், அவர்கள் பக்கத்து நாற்காலிகள் இதில் சேரா. நானும் வருகிறேன். எதிரே உட்கார்ந்து நீங்கள் சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன். சத்தமாகப் பேசவும் எனக்குச் சம்மதம்.

உடனே பதில் எழுதுங்கள்.

மச்சினி


ஜூன் 27

மச்சினிக்கு,

வர்றேன். உங்கக்காவும் வர்றா, பட்டியல் படிக்க அவளை விட்டா ஆள் இல்லையாம்.

நான் வேலைக்குக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு மட்டும் அந்த உயரமான அம்மாகிட்ட கேட்டுச் சொல்லு. அங்க நாற்காலியெல்லாம் தரையோட ஸ்க்ரூ போட்டு முடுக்கினதுதானே?

அத்தான்